அன்ரன் அண்ணையின் இரும்புச் சில்லுகள்

தயவுசெய்து இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். நீங்கள் மூன்று பேரும் வாசித்துவிட்டு உங்களுக்குள்ளேயே வைத்திருங்கள்... நாளை அடக்கப் பூசை முடியும்வரைக்குமாவது. அப்பாவின் கையில் அகப்பட்டால் என்னைத் தேவாலயத்துக்குப் போக விடமாட்டார்.

அன்ரன் அண்ணை இறந்துவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம். ஸ்தேன் கல்யாண மண்டபத்திலிருந்து தனியாகத் திரும்பும்போது ஓட்டோறூட் பெருந்தெருவில் பின்ரயர் வெடித்து, கார் தடுப்பில் போய் அடித்திருக்கிறது.

உங்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் கடையின் பின்முற்றத்தில் அந்தப் பழைய அமெரிக்க முஸ்டாங்கை நிறுத்தி வைத்திருந்த மன்னார் அண்ணை. ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவி முடித்து, அதே கையோடு வந்து கார் துடைப்பவர்.

அந்தக் காரின் ரயர்களுக்கு என்ன சில்லு பூட்டவேண்டும் என்பதில் லா சப்பல் கடைத்தெருவில் எல்லோருக்கும் ஒரே கருத்துத்தான். அகலமான, வெள்ளிபோல மின்னுகிற சில்லு. மட்காட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கவேண்டும். அப்பாவுக்கும் அதே ஆசை... பொம்பிளை ஏற்றிப்போகிற கல்யாணக் கார் ஆக்கலாமே.

அன்ரன் அண்ணை சிரித்துக்கொண்டே மறுத்தார். “மாப்பிள்ளையின்ர சப்பாத்தை ஓட்டக்காரனுக்குப் போடலாமே அண்ணை? இது ஓடப் பிறந்தது.”

பியர்ஃபித்தில் ஒரு பழைய கார் உடைக்கிற இடத்தில் தேடித்தேடி இரும்புச் சில்லுகள் நாலு கொண்டுவந்தார். கடும் சாம்பல் நிறம் அடித்தார். நடுவில் சின்ன மூடி மட்டும். முன்னுக்கு ஒடுக்கம், பின்னுக்குக் கொஞ்சம் அகலம். பக்கத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை... எதிர்ச் சுவரோடு போய் நின்று பார்த்தால் கார் பாயப்போவதுபோல இருந்தது.

நாங்கள் ‘நிறை’யாக இருந்த நாள் நினைவிருக்கிறதா?

ஆளில்லாத காருக்கு எந்தச் சில்லும் பொருந்தும், எங்கள் ஆட்கள் ஏறினபிறகு பார்த்தால்தான் உண்மை தெரியும் என்றார் அன்ரன் அண்ணை. எங்கள் நாலு பேரையும் பின்சீட்டில் நெருக்கி ஏற்றி, மடியில் அரிசி மூட்டையையும் வைத்தார். பிறகு நிலத்தில் படுத்து, ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரல் விட்டுப் பார்த்தார்.

“நிறை காணாது. இன்னும் ஒரு மாமி வேணும்.”

நாங்கள் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. கீழேயிருந்து குரல் வந்தது. “சிரியாதேங்கோ பிள்ளையள், விரல் போகப்போகுது.”

இரும்புச் சில்லில் இரண்டு விரல் இடம் இருந்தது. மின்னுகிற சில்லை அவர் ஒருநாள் இரவல் வாங்கிப் பூட்டிப் பார்த்தவர். அரிசி மூட்டை ஏறினதும் ஒரு விரல்கூடப் போகவில்லை. அதை அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா பார்த்தார். நானும் நின்றேன்.

இனி எழுதுவதுதான் முக்கியம்.

சனிக்கிழமை விடிய, அன்ரன் அண்ணை வர முந்தி, தான் ஒப்புக்கொண்ட ஒரு கல்யாணத்துக்காக அப்பா கராஜ் ஆட்களைக் கூப்பிட்டு மின்னுகிற சில்லுகளைப் பூட்டுவித்தார். டிக்கியில் கிடந்த ஸ்பெயார் சில்லை இறக்கிவிட்டுப் பலகாரப் பெட்டிகளை அடுக்கினார்கள். பொம்பிளை வீட்டுக்காரருக்கு நல்ல சந்தோசம்.

அன்ரன் அண்ணை வந்து பார்த்தார். இரும்புச் சில்லுகளை எடுக்கத் திரும்பினார். கழற்றி மாற்ற நேரமில்லை, ராகுகாலத்துக்கு முந்திப் பொம்பிளை மண்டபத்துக்குள் போகவேண்டும் என்றார் அப்பா. முன்னால் அவர்கள் இரண்டு பேர். பின்னால் பொம்பிளை, அவவின் அம்மா, ஒரு மாமி, தோழியாக நான்.

பாலம் ஏறும்போதே கேட்டது. தேங்காய் துருவுகிற சத்தம்... என் பக்கத்துச் சில்லிலிருந்து.

“அண்ணை, உரசுது. ரெண்டு பேர் இறங்கி பஸ்ஸில வரட்டும்” என்றார் அன்ரன் அண்ணை, அப்பாவிடம்.

“ராகுகாலம் வரப்போகுது. நீ ஓட்டு.”

மண்டபத்தில் அவர் ரயரைத் தடவிப் பார்த்தார். ஸ்பெயார் சில்லைத் தேடி டிக்கியைத் திறந்தார். பலகாரம்தான் இருந்தது. பின்னேரம் ரெஸ்ரோரண்டில் வேலை இருந்ததால், மெல்லமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு முழுக்க அப்பா கடை திறக்கவில்லை. அறைக்குள் அழுதார். அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் திங்கட்கிழமை கல்லாவில் இருந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம், சொல்லச் சொல்லக் கேளாமல் பகட்டுச் சில்லு பூட்டினான், அதுதான் ஆளைக் கொன்றுபோட்டுது என்று சொன்னார்.

இரும்புச் சில்லுகள் நாலும் பின்முற்றத்தில், வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கின்றன. இன்று போய்த் தொட்டுப் பார்த்தேன்.

இன்று பின்னேரம் செல்வி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தா. அன்ரன் அண்ணைக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே இரத்த உறவு. அப்பா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டா.

“என்ர தம்பிக்கு ஏன் இந்தப் பகட்டு?”

அப்பா தேத்தண்ணீரைக் குடித்தார்.

முடியாது. அவரைப் பகட்டுக்காரன் என்று சொல்லிப் புதைக்க விடமாட்டேன். அந்தத் தெரு முழுக்கப் பளபளப்புக் கேட்டபோது வேண்டாமென்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பயமாக இருக்கிறது. அப்பா என்னை லீசேப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மறித்துவிடலாம். அம்மா என்னோடு கதைக்காமல் விடலாம். இருக்கட்டும். நாளைப் பூசை முடிந்ததும் செல்வி அக்காவிடம் போய், யார் பூட்டியது, யார் இறங்கச் சொன்னது, யார் ஓட்டச் சொன்னது... எல்லாம் சொல்லுவேன். அப்பா பக்கத்தில் நின்றாலும் சொல்லுவேன்.

நீங்கள் வந்தால் நல்லது. வராவிட்டாலும் கோபமில்லை.

அன்ரன் அண்ணை, போயிட்டு வாங்கோ. நீங்கள் பூட்டினது சரியான சில்லு.

கதவு தட்டப்படுகிறது. அப்பாதான்.

விளக்கை அணைக்கமாட்டேன்