கம்ப்யூட்டரில் நானே மாட்டிக்கொண்டேன்!

சில நாட்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ஜமால் பாயின் கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டு, என்னைப் போன்றவர்கள் ஒருபோதும் சொல்லக் கூடாத ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன்.

"வேணாம் பாய்… நானே மாட்டிக்கறேன்."

ஜமால் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கையில் எனக்கான ரேம் ஒன்றும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போட வேண்டிய எஸ்.எஸ்.டி. ஒன்றும் இருந்தன.

"சார், சிபியூவ வண்டில வச்சுக் கொண்டாந்துடுங்க. சாயந்தரமே வாங்கிட்டுப் போயிடலாம்."

"வீடியோல பாத்துட்டேன் பாய். ரொம்ப ஈசி."

"போர்டு எந்த மாடல்னு பாத்தீங்களா?"

"எல்லாம் ஒண்ணுதான் பாய்."

அதற்குமேல் அவர் வாதாடவில்லை. பையில் போட்டுக் கொடுத்தார். "பிளக்க புடுங்கிட்டுக் கைய வைங்க சார். மத்தத அல்லா பாத்துப்பான்."

இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கியது. அவள் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, பெங்களூரிலும் குடியேறிவிட்டாள். இது மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. காலையில் ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போவேன். தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால், 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று இருக்கும். எனக்கு அதில் குறையே இல்லை. பத்திரிகைக்கு வாரம் ஒரு பத்தி தட்டுகிறவனுக்கு, என் யோசனை ஓடும் வேகத்துக்கு, அது கொஞ்சம் அதிகம்கூட!

அவசரம் என் மனைவி கலைச்செல்வியால் வந்தது.

ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டுக்காவது பிரான்ஸில் ஆள் இருப்பார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சில் பொரிந்து தள்ளும். தமிழ் என்றால் 'அம்மா', 'தோசை'யோடு சரி. அப்படிப்பட்ட சில குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் வகுப்பு ஆரம்பிக்கிறார்கள் என்றும், டீச்சர் தேடுகிறார்கள் என்றும் செல்விக்குத் தெரிய வந்தது. அவள் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள். என் அப்பா படுத்த படுக்கையானபோது வேலையை விட்டாள். அப்பா போனபிறகு திரும்பக் கேட்டாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

இப்போது எனக்குச் சொல்லாமலே பிரான்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக்காட்டச் சொல்லியிருந்தார்கள். படங்களைத் திரையில் காட்டிப் பாடம் நடத்த வேண்டும் என்பதால் செல்போன் உதவாது. கம்ப்யூட்டர்தான்.

"போலகத்துலேர்ந்து எங்க அண்ணன் லேப்டாப் கொண்டாந்து தரேன்னாங்க" என்றாள்.

"நம்ம வீட்ல இல்லாததா? ரெண்டே சாமான் மாத்துனா புதுசு மாதிரி பறக்கும்."

"பறக்க வேணாங்க. ஓடுனா போதும்."

அவள் அதற்குள் ஃபிரிட்ஜைப் பார்த்துப் பாடம் நடத்திப் பழக ஆரம்பித்திருந்தாள். "இது என்ன? வாழைப்பழம். எங்க சொல்லுங்க…" ஃபிரிட்ஜ் சொல்லவில்லை. ஆனாலும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள், தனக்கென்று ஒன்றை விரும்பி நான் பார்த்து வெகுகாலமாகிறது. நியாயமாக அந்த நேரத்தில் மச்சானுக்கு போன் போட்டிருக்க வேண்டும். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

சனிக்கிழமை காலை. பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்தேன். உள்ளே தூசியா அது? போர்வை! ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவே பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் பல்லி முட்டையின் ஓடுகள். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த பத்திகளை இந்தப் பல்லிக் குடும்பத்தின் தலைக்கு மேல் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறேனா? பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து எல்லாவற்றையும் சுத்தம் செய்தேன். இதுவரை நான் செய்தது சரி. இதோடு ஜமால் பாயிடம் கொண்டுபோயிருந்தால் இந்தப் பத்தியே இல்லை.

ரேமை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன்.

"ஏங்க, இவ்ளோ அழுத்துறீங்களே… ஒடஞ்சிடப் போவுது" என்றாள் செல்வி, கதவோரம் நின்று.

"வீடியோல 'டக்'னு ஒரு சத்தம் வரும்னான்."

"வர்ற சத்தம் வேற மாதிரி இருக்கே."

மறுபடி கடை. ஜமால் பாய் ரேமைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வேறொன்றை எடுத்து வைத்தார். "உங்களது பழைய போர்டு சார். அதுக்கு ரேமே வேற. வெட்டு எங்க இருக்கு பாருங்க, நீங்க கொண்டாந்தது அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம்." ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாலைக்குள் எல்லாவற்றையும் மாட்டி, மூடி, புதிதாக சிஸ்டம் ஏற்றி முடித்தேன். ஒரு ஸ்க்ரூ மிச்சம். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆன் செய்தேன்… நம்ப மாட்டீர்கள். டீ போடப் போன செல்வி அடுப்பைப் பற்றவைப்பதற்குள் திரை வந்துவிட்டது! அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதே வேகம். செல்போனில் பெங்களூர் மகளுக்கு வீடியோ கால் போட்டு அவளுக்கும் ஒருமுறை அணைத்துப் போட்டுக் காட்டினேன். "சூப்பர்ப்பா. அம்மாவுக்கு கிளாஸ் லிங்க் ஓபன் ஆவுதா, பாத்தீங்களா?" என்றாள். அதெல்லாம் சின்ன விஷயம் என்று வைத்துவிட்டேன்.

ஞாயிறு மதியம். செல்வி பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்து, மானிட்டர் மேல் வைத்திருந்த கேமராவுக்கு முன் உட்கார்ந்தாள். லிங்க்கை அழுத்தினாள். 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பில் ஓர் எச்சரிக்கை. வேறொரு தளத்தைத் திறந்தோம். அதுவும் பாதுகாப்பானது அல்ல. ஈமெயில்? அதுவும். உலகத்தில் ஒன்றுமே பாதுகாப்பாக இல்லை!

நெட்டில் கோளாறு என்று மோடத்தை அணைத்துப் போட்டேன். செல்போனில் அதே நெட் நன்றாக வந்தது. பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். கேபிளைக் கழற்றித் துடைத்தேன். மச்சானுக்கு போன் போட்டேன். கப்பல் வந்திருப்பதால் லேப்டாப்பும் கையுமாக கீழவாஞ்சூர் துறைமுகத்தில், வேலை இடத்தில் நிற்கிறாராம். வியர்த்துக் கொட்டியது. என் வாய் மட்டும் நிற்கவில்லை. "நெட்காரனுங்க… இந்த சைட்டுக்காரனுங்க…" என்று ஊரில் உள்ள அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தேன்.

செல்வி என்னைத் திட்டவில்லை. மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"விடுங்க. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றாள். குரலில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, பாரத்தைப் பாதி இறக்கியிருப்பேன்.

செல்போனை எடுத்தவள், கம்ப்யூட்டர் திரையின் மூலையைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஏங்க… இதுல தேதியப் பாத்தீங்களா?"

"இப்ப தேதியா முக்கியம்?"

"இந்தத் தேதிப்படி நம்ம பொண்ணு இன்னும் பள்ளிக்கூடம் போயிட்டிருக்கா."

பார்த்தேன். உண்மைதான். விஷயம் இவ்வளவுதான்: பெட்டிக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் கம்ப்யூட்டருக்கு நாள், நேரம் மறக்காமல் காப்பது அதன் வேலை. எங்கள் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. பிளக்கை யாரும் பிடுங்காததாலும், கரண்டு போனால் இன்வெர்ட்டர் இருந்ததாலும் அது வெளியே தெரியவில்லை. நான் பிடுங்கினேன். அது பல வருடம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. தேதி தப்பாக இருந்தால் எந்தத் தளமும் உள்ளே விடாது. இத்தனை பெரிய மாற்றங்கள் செய்தவன், இந்தப் பொத்தானை மட்டும் மாற்றவில்லை!

தேதியைச் சரி செய்தேன். லிங்க் திறந்தது. செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்… நிறுத்துவேனா? வேலையை முழுசாக முடிக்கும் ஆசை. சமையலறையில் செல்வி மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசில் அதே மாதிரி பேட்டரி இருப்பது ஞாபகம் வந்தது. அவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்து அதைக் கழற்றி, கம்ப்யூட்டரை மறுபடி திறந்து மாட்டிவிட்டேன். தேதியை இன்னொருமுறை போட்டேன். தேதி நின்றது. லிங்க் நின்றது. கேமராதான் நின்றுவிட்டது.

கேமராவைச் செருகியிருந்த முன்பக்க யு.எஸ்.பி. துளைகள் இரண்டும் செத்திருந்தன. உள்ளே ஏதோ ஓர் ஒயரை நான்தான் பிடுங்கியிருக்க வேண்டும். பின்பக்கத் துளைகள் எங்கள் ஊர் உப்புக் காற்றில் துரு ஏறியவை. இருந்ததில் நல்லதைக் கீபோர்டும் மவுஸும் பிடித்துக்கொண்டிருந்தன. மிஞ்சிய ஒன்றில், கேமரா கேபிளை மேல்பக்கமாகத் தூக்கிப் பிடித்தால் படம் வந்தது. விட்டால் போனது.

"நான் புடிச்சுக்கறேன்" என்றேன்.

செல்வி என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பக்கம் போதாது.

மேசைக்கு அடியில் புகுந்தேன். என் உடம்புக்கும் மேசைக்கும் முன்பின் பழக்கமில்லை. கழுத்தை மடக்கி, காலை மடக்கி, கேபிளைத் தூக்கிப் பிடித்தேன். மேலே ஒரு பெண் குரல்: "வணக்கம் டீச்சர். இது எங்க பொண்ணு லேயா. ஆறு வயசு. கொஞ்சம் கூச்சப்படுவா."

செல்வியின் குரல் மாறிவிட்டது. நான் வெகுநாளாகக் கேட்காத குரல். நிதானமாக, வகுப்பறைக் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேரும் குரல். "லேயா, இது என்ன பழம்?" பதிலில்லை. "இது?" பதிலில்லை. லேயா எங்கள் ஃபிரிட்ஜைவிடக் கூச்சக்காரியாக இருந்தாள். அம்மாக்காரி பிரெஞ்சில் ஏதோ கெஞ்சுகிறாள். செல்வி அடுத்த படம், அடுத்த படம் என்று போகிறாள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் எனக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது. காலை நீட்டினேன். கேபிள் இழுபட்டது. மானிட்டர் மேல் உட்கார்ந்திருந்த கேமரா மேசைக்குப் பின்னால் சரிந்து, சுவரோரமாக இறங்கி, தொங்கி, என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கேபிளை மட்டும் நான் விடவில்லை. கடமை! அதனால் பிரான்ஸில் ஒரு வீட்டுத் திரை முழுவதும் இப்போது என் முகம். வியர்வையும் ஒட்டடையுமாக.

அந்தக் குழந்தை வீல் என்று ஒரு சத்தம் போட்டுச் சிரித்தது பாருங்கள்…

எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மேலே செல்வியின் குரல் கொஞ்சமும் பதறவில்லை.

"லேயா, மாமா எங்க இருக்காங்க?"

"சூ லா தாப்ள்!" பிரெஞ்சில்தான் பதில்.

"தமிழ்ல சொல்லுவோமா? மேசைக்குக் கீழே."

"மேசை… கீழே!"

"ஆமா, கீழே. மாமாவ மேலே கூப்பிடு."

"மாமா, மேலே!"

எழுந்தேன். 'டக்' என்று தலை இடித்தது. அதற்கும் சிரிப்பு. "மாமா, கீழே!" உட்கார்ந்தேன். "மாமா, வெளியே!" கேபிளை விடாமலே வந்தேன். "உள்ளே!" போனேன். பழங்கள் எல்லாம் படத்திலேயே இருந்துவிட்டன. அந்த வகுப்பு முடியும்வரை, வாயே திறக்காத குழந்தை எனக்கு இட்ட கட்டளைகளை நான் மறக்க மாட்டேன். என் முட்டியும் மறக்காது.

இணைப்பைத் துண்டித்தபின் செல்வி எழுந்தாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, மாவு நிறுக்கத் தராசை எடுத்தாள். அது வேலை செய்யவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, அந்நேரம் பார்த்து போன் அடித்தது. லேயாவின் அம்மா.

"டீச்சர், பாப்பா நாய்க்குட்டிய 'கீழே, மேலே'ன்னு விரட்டிக்கிட்டே இருக்கா. இது வர அவ வாயிலேர்ந்து இவ்ளோ தமிழ் நாங்க கேட்டதில்ல. வர்ற ஞாயித்துக்கெழமலேர்ந்து எல்லாப் பிள்ளைங்களையும் ஒங்ககிட்ட விடலாமா?"

செல்வி "சரிங்க" என்றாள். வைத்தபிறகு, மாவுப் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எதையும் திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பால் மானிட்டரின் தூசியைத் துடைத்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை சிபியூவை வண்டியில் கட்டி ஜமால் பாயிடம் கொண்டுபோனேன். விட்டுப்போன ஒயரைச் செருகினார். துருப்பிடித்த துளைகளைச் சுத்தம் செய்தார். பழைய கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். அதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவ்வப்போது தூசி தட்டுங்கள். பொருத்தமான ரேம் போடுங்கள். அந்தப் பொத்தான் பேட்டரியை மறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் என்னைப் போல ஆள் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரை ஒளித்து வையுங்கள்.

இந்த ஞாயிறுதான் முதல் வகுப்பு. கேமரா கல் மாதிரி நின்றது. படம் பளிச்சென்று இருந்தது. நான் நிம்மதியாக ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திரையில் வரிசையாகக் குழந்தைகள். முதல் கேள்வி லேயாவுடையது.

"டீச்சர், மாமா எங்கே?"

செல்வி நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கவே இல்லை.

"பிள்ளைங்க கேக்குறாங்கல்ல? போய் மேசைக்குக் கீழ உக்காருங்க."

கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றியாகிவிட்டது. என் இடத்தையும் சேர்த்து!