ராக்கெட் கட்டிய மாட்டு வண்டி

தொண்ணூறுகளின் கடைசியில், குண்டுவெடிப்புக்குப் பிறகு, கோவை பஸ்களில் போலீஸார் ஏறிப் பைகளைத் திறந்து பார்த்த நாட்கள் அவை. போத்தனூர் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஒல்லியான மனிதர் நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க, மாட்டு வண்டியில ராக்கெட் கட்டுனா அச்சு தாங்குமுங்களா?”

“மெதுவாப் பேசுங்க!”

“விளையாட்டுக்குங்க. உலகம் அழிஞ்சுபோச்சு. மிச்சம் கிடக்கறத வெச்சு வண்டி செஞ்சு தப்பிக்கோணும். நான் கதை சொல்லுவேன், சிநேகிதங்க ஆளுக்கொரு வேஷமாப் பேசிப் பகடை உருட்டுவாங்க.”

அதற்குள் போலீஸ்காரர் ஒருவர் எங்களிடம் வந்துவிட்டார். பக்கத்து மனிதரின் பையைத் துழாவினார். உள்ளே பகடைகள்தான் இருந்தன.

இந்த மனிதரோ அவரிடமே கேட்டார்: “சார், பாலத்து மேல வண்டி தீப்புடிச்சா என்னங்க பண்றது?”

“குதிக்கச் சொல்லு” என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் நகர்ந்தார்.

நான் மூச்சு விட்டேன். பக்கத்து மனிதரின் முகமோ வெளுத்திருந்தது.

“மாசமா இருக்கற அம்மணி ஒருத்தரு வண்டியில இருக்கறாங்க. எப்படிங்க குதிப்பாங்க?”

அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிப்போனார். அந்தப் பெண் பாலத்தைத் தாண்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.