காகம் இல்லாத தீவு

கரீபியன் தீவொன்றின் கடற்கரையில் வாழையிலைச் சோற்றோடு நிற்கிறேன். இன்று என் மனைவியின் திதி. காகம் எடுக்காமல் நான் சாப்பிடக் கூடாது. ஓசூர் வீட்டில் இலை வைத்ததும், பக்கத்துத் தொழிற்சாலைச் சுவரிலிருந்து ஏழு காகங்கள் இறங்கிவிடும். இங்கே கூழைக்கடாக்கள் நான்கு இருக்கின்றன. காகம் ஒன்றுகூட இல்லை.

மீன் பொரிக்கும் உள்ளூர்ப் பெண்ணிடம் விசாரிக்கிறேன். "இந்தத் தீவில் காகமே கிடையாது, ஐயா. கூழைக்கடாவுக்கு ஒரு மீன் போடுங்கள், வந்துவிடும்," என்கிறாள். திதிச் சோற்றில் மீனா?

என்னை விடுமுறைக்கு அழைத்துவந்த மகன் பாய்மரப் படகிலிருந்து கூப்பிடுகிறான். "காக்காவுக்கும் சேத்து டிக்கெட் போட்டிருக்கணும்ப்பா. வாங்க, அம்மா ஒண்ணும் நெனச்சுக்காது."

"உங்கம்மா இன்னும் சாப்பிடல. நீ போய்ட்டு வா."

படகு போகிறது. சோற்றின் மேல் மணல் விழாமல் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.