ஏற்றத்தில் இறக்கிவிட்டேன்

எட்டாவதோடு நின்று ஊர் ஊராகத் திரிந்த நான், இலவசம் என்றதால் கள்ளக்குறிச்சியில் நடந்த டேட்டாபேஸ் பயிற்சிக்குப் போனேன். எல்லாருக்கும் ஒரே சர்வர். நான் அதில் தேடிய விவரம் வரவே இல்லை. சர்வரில் யார் யார் வேலை ஓடுகிறது என்று பார்ப்பதும் அதை நிறுத்துவதும் எப்படி என்று காலையில் காட்டியிருந்தார்கள். முன்பு வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்பில் கிளீனராக இருந்தேன். ஏற்றத்தில் வண்டி திணறினால் ஆட்களை இறக்கி நடக்கவிடுவோம். அதே நினைப்பில் மற்றவர்களின் வேலைகளை நிறுத்தினேன். என் பதில் உடனே வந்தது.

பக்கத்தில் இருந்த மலைப் பெண் காலையிலிருந்து ஏற்றி, இன்னும் சேமிக்காமல் வைத்திருந்த சாமை விளைச்சல் விவரம் முழுக்கப் போய்விட்டது. அதை முடித்தால்தான் சான்றிதழ்; சாயங்காலம் கடைசி பஸ்.

"நான்தான் இன்னாவோ தப்பா அமுக்கிட்டேன்," என்று கண் கலங்கினாள்.

நான் செய்ததையும் ஜீப் கதையையும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஜீப்புல எறக்கி வுட்டா மேட்டுக்கு மேல நின்னு ஏத்திக்குவாங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"நான் அடிச்சுத் தரட்டுமா?"

"வேணாங்க. எதையும் தொடாம இருங்க, போதும்."

முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள். பஸ் நேரம் வரும்வரை கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.