போகையில் அழுகை, வருகையில் பாட்டு

ஆறுமுகம் அண்ணாச்சி தவறிய செய்தியைப் பால்காரர்தான் வந்து சொன்னார். "கல்லிடைக்குறிச்சியில அமெரிக்கா அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பம்பு இன்ஜினியராகப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். அதை நியூயார்க் என்று சொன்னால் அவருக்கு எப்படிக் கோபம் வரும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். நான் வேண்டுமென்றே சொல்வேன்.

"அது வேற ஊரு வே. இது தெக்கே, மிசிசிப்பி கடலுக்குப் போற இடம். ஆறு மேல ஓடுது, ஊரு கீழ கிடக்கு. மழை பெஞ்சா பம்பு வச்சு எறைச்சாத்தான் நடமாட முடியும்" என்பார். பிரெஞ்சுக்காரன் கட்டி, ஸ்பெயின்காரன் ஆண்டு, கடைசியில் அமெரிக்கா விலைக்கு வாங்கிய ஊராம். அங்கேயும் வெண்டைக்காய்க் குழம்பும் அரிசிச் சோறும்தான் என்றபோது, "தாமிரபரணித் தண்ணியக் குடிச்சிட்டு இப்படிப் புளுகலாமா?" என்று கேட்டேவிட்டேன். மறுவாரம் தானே சமைத்துப் போட்டார். வழவழவென்று இருந்தது. ஆனாலும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. மனிதர்களைச் சந்தையில் நிறுத்தி விற்ற ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடிமைகள் ஒரு திடலில் கூடிக் கொட்டடித்து ஆடலாம் என்று விட்டிருந்தார்களாம். "அந்த வம்சந்தான் வே இப்பவும் சாவுக்குப் பேண்டு வாசிக்கு. போகையில அழுகைப் பாட்டு. அடக்கம் பண்ணிட்டுத் திரும்பையில ஆட்டப் பாட்டு. பட்ட பாடு தீர்ந்துச்சுன்னு சந்தோசம். எனக்கும் அப்படி வாசிக்கச் சொல்லும். வாக்குக் கொடும்" என்றார். கொடுத்துத் தொலைத்தேன்.

தகனம் முடிந்து ஆற்றில் முங்கி எழுந்ததும் பேண்டு செட்டுக்காரர்கள் கிளம்பப் பார்த்தார்கள். நம் பக்கம் அவர்கள் வேலை மயானத்தோடு சரி. திரும்புகிறவர்கள் பேசாமல், பின்னால் பார்க்காமல் வர வேண்டும். நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சியின் தம்பி பாய்ந்தார்.

"சுடுகாட்டுல இருந்து மேளத்தோட வீட்டுக்கு வாறதா? ஊரு காறித் துப்பும் வே."

அவரை எதிர்த்துப் பேச எனக்கு உரிமை இல்லை. கொடுத்த வாக்கு போய்விடுமே என்று மனசு அடித்துக்கொண்டது. அண்ணாச்சியின் மனைவிக்குப் போன் போட்டேன்.

"அவுக ஆசப்பட்டதுதானே. வாசிச்சிட்டே வாங்க" என்றார் மதினி. தம்பி ஈர வேட்டியோடு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார்.

கிளாரினெட் ஆட்டப் பாட்டு ஒன்றைத் தயங்கித்தான் தொடங்கியது. தெருமுனை வந்ததும் டிரம்காரருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் யாரும் துப்பவில்லை. காலையிலிருந்து கண்ணீரே விடாமல் உட்கார்ந்திருந்த மதினி, வாசலுக்கு வந்து அந்தப் பாட்டைக் கேட்டதும் ஓவென்று அழுதார். பக்கத்தில் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இழவு வீட்டிலிருந்து திரும்புகிறவன் தலையைத் தொங்கப் போட வேண்டியதில்லை. அன்றைக்கு அழுதுகொண்டே நின்றபோது என் கால் தாளம் போட்டது. நான் அதை நிறுத்தவில்லை.