ஸ்பீக்கர்மேல் இரண்டு விரல்

ஐம்பது வயதில் மோர்ஸ் கற்றுக்கொண்டவன் நான். புள்ளியும் கோடுமாக நான் ரேடியோவில் அனுப்புவது மரங்கொத்தி இருமுவதுபோல் இருக்கிறது என்பது என் மனைவியின் விமர்சனம். அதையும் பொறுமையாகப் படித்துப் பதில் அனுப்ப சுங்கை புரோங் வயல்கிராமத்தில் ஒருவர் இருந்தார். ஓராண்டாகத் தினமும் காலையில் அரட்டை, ஆங்கில எழுத்தில் தமிழ். வேகம் போதாது என்று அவர்தான் என்னை விரட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமலே அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஒட்ட வெட்டிய நரைமுடி, வயல்வெயிலில் கறுத்த கழுத்து. ரேடியோமுன் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர்மேல் இரண்டு விரல்கள்.

"அண்ணே!" என்று கத்தினேன். திரும்பவில்லை.

சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவியிடம், தினமும் ரேடியோவில் அரட்டை அடிப்பவன் நான்தான் என்றேன். "அவருக்குக் காது கேக்காது லா தம்பி. ஸ்பீக்கர் அதிர்றத விரல்ல புடிச்சுதான் படிக்கிறாரு."

ஒருமுறை அவர் திருப்பி அனுப்பச் சொன்னபோது, "செவிடா நீங்க?" என்று அனுப்பியிருந்தேன். "ஆமா" என்று பதில் வந்தது. நல்ல நகைச்சுவை என்று பாராட்டு வேறு அனுப்பினேன்.

அவர் மனைவி தோளைத் தட்டித் திருப்பி, ரேடியோவையும் என்னையும் சுட்டிக் காட்டினார். என் முகமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"தெரிஞ்சுபோச்சா? நாளைக்குப் பாவம்னு மெதுவா அடிச்சீங்க, ரேடியோவ மூடிட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன்" என்றார், தெருவுக்கே கேட்கும் குரலில்.

மறுநாள் காலை, எவ்வளவு முயன்றும் என் கை எழுத்தெழுத்தாகத் தவழ்ந்துதான் போனது. இரண்டாவது வரியிலேயே அவர் குறுக்கே வந்தார்:

"கத்தாதீங்க தம்பி. எனக்கு நல்லாவே கேக்குது."