அக்கா சொன்ன மலைப்பு

இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில், மலைப்பு என்றால் பெருவியப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லுக்குப் பொருள் சொல்வதில் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் உண்டு. இன்று அதை நினைத்தால் வாய் கசக்கிறது.

என் அக்காவை மாரண்டஹள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமான இரண்டாம் வருஷம் மாமா பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போனார். பர்மாவில் இருக்கிறார் என்றார்கள். பிறகு ஒரு காகிதம் வந்தது. ஆளைக் காணவில்லை என்றுதான் அதில் இருந்தது. நானே படித்துச் சொன்னேன். அக்காவின் மாமியார் எங்கேயோ போய்க் குறி கேட்டுவிட்டு வந்து, மகன் செத்துப்போனான் என்று கருமாதியும் செய்து முடித்துவிட்டாள். அக்காவின் வளையலை உடைத்து, தாலியை வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சீலையோடு எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். "இவ வந்த நேரம், எம்மவனையே முழுங்கிட்டா" என்று அந்த அம்மாள் போட்ட சத்தம் தெருமுழுக்கக் கேட்டது. அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

ஆறு மாதம் மூலையிலேயே கிடந்தாள். அப்புறம் ஒருநாள் காலையில் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு எங்கள் மானாவாரிக் கொல்லைக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கேழ்வரகும் கொள்ளும் மிளகாயும் அவள் கையில்தான் விளைந்தன. காரிமங்கலம் சந்தைக்கு மூட்டையோடு வண்டியில் போவாள். மாமியார் வூட்டில் வாயே திறக்காதவள், வியாபாரியிடம் ஒண்டியாக நின்று பேசி விற்றுவிட்டு வருவாள். எந்தக் கொல்லையில் எதை விதைப்பது என்று அப்பாவே அவளைக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து, ஒரு நடுப்பகலில் மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். எதிரியிடம் பிடிபட்டுக் கிடந்தாராம். பாதி உடம்புதான் மிச்சம் இருந்தது. பின்னாலேயே அவர் அம்மா, புதுச் சீலையும் வளையலுமாக. எங்கள் அம்மா அழுதுகொண்டே கொல்லைக்கு ஓடி அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அக்கா முழங்கால்வரை மண்ணோடு நின்றாள். அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அதற்குள் ஊரே கூடிவிட்டது.

"ஏதாச்சும் பேசுக்கா" என்றேன்.

"மலைப்பா இருக்குது தம்பி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "அக்கா சந்தோஷத்துல மலைச்சுப்போயி நிக்குதுங்க" என்று உரக்கச் சொன்னேன். சந்தோஷம் நானாகச் சேர்த்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாமியார் வந்து, மண் கழுவாத அந்தக் கையிலேயே வளையலைப் போட்டாள். வருகிறாயா என்று அக்காவை யாரும் கேட்கவில்லை. சாயங்காலமே வண்டி ஏற்றிவிட்டோம்.

இரண்டு வருஷம் அவள் எங்கள் வூட்டுப் பக்கமே வரவில்லை. பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு நான் போனேன். கல்லில் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குதா?"

"மலைப்பா இருக்குதுன்னு..."

"கல்லுக் கொல்லையில ஒண்டியா களை எடுக்கப் போனப்பவும்தான் மலைப்பா இருந்துது. அது ஒரு மாசத்துல போயிடுச்சு. இந்த வூட்டுப் படிய இன்னொருக்கா மிதிக்கணுமேன்னு நெனச்சுத்தான் உங்கிட்ட சொன்னேன். வாத்தியாரு, உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

"அப்பவே வெளிப்படையாச் சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். என் ஆயுளில் இதைவிடக் கேவலமான பேச்சு நான் பேசியதில்லை.

"சொன்னேனே" என்றாள்.

அன்றைக்கே எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் செய்ய முடியாத வேலையைப் பார்த்தால்தான் மலைப்பாக இருக்கிறது என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சீலைக்காரி இருக்கிற வூடு என்று இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. எனக்குப் புத்தகத்துப் பொருள் வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். அக்கா போன நாலாம் மாதம் என் கல்யாணம் நடந்தது.

சீர் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மாமா பஸ் ஏற்றிவிட என்கூட நடந்து வந்தார். பாவம், நல்ல மனிதர். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார்.

"ரெண்டு வருசமா உங்கக்கா எங்கிட்ட மொகம் கொடுத்துப் பேசறதில்ல மச்சான். கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. ஏன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.